கம்யூனிஸ்டுகளைக் கண்காணிக்க வெள்ளைக்காரன் துணை! டெல்லியில் தங்கிய லண்டன் அதிகாரி

[காட்சி: வாளையார் சாலை, பின்னால் மலை]

வணக்கம் மக்களே! வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போன பிறகும் அவனுடைய உளவுத்துறை அதிகாரி ஒருவர் டெல்லியில் இருந்தார். அதுவும் நம் அரசாங்கத்தின் சம்மதத்தோடு!

பின்னணி ரொம்பச் சுருக்கமாக. தெலங்கானாவில் 1946 முதலே கம்யூனிஸ்டுகள் தலைமையில் விவசாயிகளின் ஆயுதப் போராட்டம். 1948 கல்கத்தா மாநாட்டில் கம்யூனிஸ்ட் கட்சியும் புரட்சிப் பாதையை எடுத்தது. டெல்லிக்குப் பயம் பிடித்துவிட்டது.

உதவிக்கு ஆள் தயாராகவே இருந்தார்கள். 1947 மார்ச்சிலேயே பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5-இன் அதிகாரி கை லிடல் டெல்லிக்கு வந்து பேசி, சுதந்திரத்துக்கு அப்புறமும் ஒரு தொடர்பு அதிகாரி இருக்க ஒப்புதல் வாங்கியிருந்தார். நம் உளவுத்துறையான ஐ.பி.யின் முதல் இந்தியத் தலைவர் சஞ்சீவி பிள்ளை. சென்னை மாகாணப் போலீஸிலிருந்து போனவர். அவருக்குப் பின் முல்லிக் வந்தார். எம்ஐ5-உடன் உறவு இன்னும் நெருங்கியது.

சரி, இனிமேல்தான் விஷயமே. அதே காலத்தில் லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனர், அதாவது தூதர், யார்? நம்ம கோழிக்கோட்டுக்காரர் வி.கே. கிருஷ்ண மேனன். அவர்மேல் எம்ஐ5 கோப்பே வைத்திருந்தது! 1930களில் இந்தியாவின் விடுதலைக்காக அங்கே அவர் குரல் கொடுத்த நாளிலிருந்தே அவர் கடிதங்களைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். ஹைகமிஷனர் ஆன பிறகும் கம்யூனிஸ்ட் சகவாசம் என்ற சந்தேகம் போகவில்லை. அந்தக் கோப்புகள் 2007-இல் வெளியாகின. யோசித்துப் பாருங்கள்: நம் வீட்டுப் பிள்ளையையே வேவு பார்க்கிறவனிடம் போய், நம் வீட்டில் யார் சரியில்லை என்று நாம் கேட்டிருக்கிறோம். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

[காட்சி: சேலம் வரைபடம்]

கம்யூனிஸ்டுகள் மேல் டெல்லிக்கு இருந்த பயத்தின் விலையை நம் பக்கத்து ஆட்கள் கொடுத்தார்கள். பாலக்காடு அப்போது மலபார் மாவட்டம். மலபார் சென்னை மாகாணம். அதனால் மலபார்த் தோழர்கள் பலரைச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று அந்தச் சிறைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். கைதியைச் சிறைக்குள் வைத்துச் சுட எந்தப் பாதுகாப்பும் காரணம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மூணாறு பக்கம் பார்க்கிறவர்களே, உங்கள் தாத்தா பாட்டி யாராவது அந்த நாட்களைப் பற்றிப் பேசியிருந்தால் கமெண்டில் எழுதுங்கள். மலையாளம் கலந்து எழுதினாலும் சரி, ஒவ்வொன்றையும் படிப்பேன்.