வாம்பட்டின் பை ஏன் பின்பக்கம் திறக்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். பெற்றோரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் நூலகத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளைக் கூட்டி உட்காரவைக்கும் இளைஞர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் நிலத்தையும் வாம்பட் போன்ற அதன் விலங்குகளையும் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. அதனால் பேச்சை நேராகச் செய்முறைக்கே கொண்டுபோகிறேன்.

ஆஸ்திரேலியா என்றதும் நம் கை முதலில் போவது கங்காரு படத்துக்கு. அடுத்து கோலா, அப்புறம் பிளாட்டிபஸ். ஒவ்வொன்றுக்கும் ‘அதிசயம்’ என்று ஒரு முத்திரை குத்துகிறோம். குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள், அரை மணி நேரத்தில் கதை முடிகிறது. ‘அதிசயம்’ என்று நாமே சொல்லிவிட்டால் குழந்தை கேட்பதற்கு என்ன மிச்சம்? எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகள் என்றால் முதல் வகுப்பில் விலங்கே வேண்டாம். நிலத்தைக் கொடுங்கள். ‘இது ஏன் அங்கே இருக்கிறது, ஏன் இங்கே இல்லை?’ என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்து வரட்டும். அதன்பின் விலங்கைக் கொண்டுவந்தால் போதும்.

முதலில் வேண்டியது 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டையும் ஒரு நூலும். அந்த உருண்டையில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. சென்னையில் நூலின் ஒரு முனையை வைத்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரம்வரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். 15 செ.மீ. அளவுக்கு வரும், அதாவது சுமார் 6,300 கி.மீ. அதே நூலால் ஆஸ்திரேலியாவின் கிழக்கு மேற்கு அகலத்தை அளந்தால் 9 செ.மீ.க்கு மேல். காஷ்மீரிலிருந்து குமரிவரை அளந்தால் ஏழரை. நம் நாட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பரப்புள்ள நிலம் அது, அங்கே வாழ்வோர் சுமார் 2.7 கோடிப் பேர்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 7.2 கோடி. ‘இவ்வளவு இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது?’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். உள்நாட்டின் பெரும்பகுதி வறண்டது என்ற செய்தியை அப்போது சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

சுவர் வரைபடத்தில் இதைச் செய்தால் கெட்டுவிடும். தட்டை வரைபடம் பலவற்றில் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் பருத்துத் தெரியும். கிரீன்லாந்து ஆஸ்திரேலியாவைவிடப் பெரிதாகத் தோன்றும். உண்மையில் ஆஸ்திரேலியா அதைப்போல் மூன்றரை மடங்கு.

அடுத்தது கண்டங்களை வெட்டி ஒட்டும் வேலை. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, இந்தியா, ஆஸ்திரேலியா என்று ஐந்து துண்டுகள் வேண்டும். பட்டர் பேப்பரை உருண்டையின்மேல் வைத்து எல்லையை வரைந்து அட்டையில் ஒட்டி வெட்டலாம். வளைவில் தாள் சுருங்கும், ஓரத்தில் நாலைந்து இடத்தில் கத்தரித்துவிட்டால் படிந்துவிடும். பெரும்பாலும் இடறுவது அண்டார்க்டிகாவில்தான். தட்டைப் படத்தில் அது அடியில் நீண்ட வெள்ளைப் பட்டையாக இழுபட்டிருக்கும், அதை வெட்டிப் பயனில்லை. உருண்டையிலோ தாங்கியின் திருகு அந்த இடத்தையே மறைத்திருக்கும். உருண்டையை முன்கூட்டியே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் அண்டார்க்டிகா. அதன் ஒரு பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் தென்கரை ஒட்டியிருக்கட்டும். எதிர்ப்பக்கம் நீண்டிருக்கும் தீபகற்பத்தின் முனையில் தென் அமெரிக்காவின் வால். ஆப்பிரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையில் இந்தியா. இதுதான் கோண்டுவானா, இந்தக் கண்டங்கள் பிரியுமுன் ஒன்றாயிருந்த பெருநிலம். கரைகள் அச்சாகப் பொருந்தாது. உண்மையான ஓரம் கடலுக்கடியில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் கத்தரிக்கோலால் ‘சரிசெய்ய’த் தொடங்குவார்கள். கண்டங்கள் படகுபோல் மிதந்து போயின என்ற எண்ணமும் இங்கேதான் பிறக்கிறது. நகர்வது நிலம் மட்டுமல்ல, அதைத் தாங்கும் பாறைத்தட்டும் கடல்தரையும் சேர்ந்துதான்.

இப்போது துண்டுகளை நகர்த்துங்கள். இந்தியா சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பே விலகிவிட்டது. தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் அதன்பின்னும் வெகுகாலம் தொட்டுக்கொண்டிருந்தன. வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் பைப்பாலூட்டிகள் அந்தத் தரைவழியாகத்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அண்டார்க்டிகாவின் சேமோர் தீவில் பைப்பாலூட்டியின் புதைபடிவம் கிடைத்ததை 1982-ல் அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மர்கன் என்ற ஊரில் கிடைத்தவை ஏறக்குறைய 5.5 கோடி ஆண்டு பழையவை. ‘நம் ஊரில் ஏன் கங்காரு இல்லை?’ என்ற கேள்விக்குப் பதில் இப்போது குழந்தையின் கையிலேயே இருக்கிறது: அந்த விலங்குகள் வந்து சேருமுன் இந்தியா வண்டியேறிவிட்டது. ‘பைப்பாலூட்டி ஆஸ்திரேலியாவில் மட்டும்தான்’ என்று பல பொது அறிவுப் புத்தகங்களில் படிக்கிறோமே, அது பிழை. அமெரிக்கக் கண்டங்களில் அப்போசம் என்ற பைப்பாலூட்டிகள் இன்றும் வாழ்கின்றன.

சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியா வேகம் பிடித்து வடக்கே விலகத் தொடங்கியது. இன்று அதன் வேகம் ஆண்டுக்கு 7 செ.மீ. அளவு. பெரிய பிள்ளைகளிடம் பெருக்கல் கணக்காகக் கொடுங்கள். 31.5 கோடி செ.மீ., அதாவது 3,150 கி.மீ. வரும். பிறகு உருண்டையில் இரண்டு கண்டங்களுக்கும் நடுவிலுள்ள கடலை நூலால் அளக்கட்டும். கணக்கும் கடலும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்போது அந்த முகங்களைப் பாருங்கள். அச்சாக ஒத்துப்போகாதது ஏன் என்றால், வேகம் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை.

இனி விலங்கு. கங்காருவுக்கு ஒரு தராசும் சாக்பீஸும் போதும். புதிதாய்ப் பிறந்த சிவப்புக் கங்காருக் குட்டி 1 கிராம்கூட இருக்காது, நீளம் 2 செ.மீ. அல்லது சற்று மேல். இரண்டு நிலக்கடலைப் பருப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவில் இருப்பது 33 நாள்தான். கண் திறக்காத அந்தக் குட்டி முன்கால்களால் தாயின் ரோமத்தைப் பற்றித் தானே ஊர்ந்து பைக்குள் போகிறது. தாய் தூக்கி வைப்பதில்லை. வெளியே குதித்து விளையாடப் பழகி, பையை முழுக்க விட்டு வெளியேற எட்டு மாதம் ஆகும். பை என்பது சட்டைப்பை அல்ல, உள்ளே பால்காம்பு இருக்கிறது. ஆண் கங்காருவுக்குப் பை கிடையாது. இந்த இரண்டையும் சொல்லாவிட்டால் பிள்ளைகள் வரையும் படத்தில் அப்பா கங்காருவும் பை வைத்திருக்கும். தரையில் 8 மீட்டருக்குக் கோடு போட்டு, அது வேகமாக ஓடும்போது ஒரே தாவலில் கடக்கும் தூரம் இது என்று காட்டுங்கள். பிள்ளைகள் தாவிப்பார்ப்பது மணல்தரையில் நடக்கட்டும். சிமெண்ட் முற்றத்தில் கணுக்கால் பிசகிவிடும்.

வாம்பட்டைத்தான் நான் அதிகம் பரிந்துரைப்பேன். குட்டைக்கால் பன்றிக்குட்டி போலிருக்கும், வளை தோண்டி வாழும். அதன் பை பின்பக்கமாகத் திறக்கிறது. காரணத்தைச் சொல்லாதீர்கள், செய்ய வையுங்கள். பழைய தலையணை உறையை 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, வாயில் எலாஸ்டிக் தைத்து, துப்பட்டாவால் ஒரு பிள்ளையின் வயிற்றில் கட்டுங்கள். முதல் முறை வாய் தலைப்பக்கம். பிள்ளை நான்கு காலில் நின்று இரண்டு நிமிடம் மணலைத் தோண்டி வயிற்றுக்கடியில் பின்னால் தள்ள வேண்டும். பைக்குள் விழுந்த மணலைச் சமையல் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வாய் கால்பக்கம் இருக்க, அதே பிள்ளை, அதே இரண்டு நிமிடம்.

இதில் கெடுவது மூன்று இடத்தில். மணல் பொடியாகக் காய்ந்திருந்தால் கண்ணில் விழும், லேசாக நீர் தெளியுங்கள். சொதசொதவென்று நனைந்துவிட்டால் பறக்கவே பறக்காது. பின்னால் இரண்டு மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது. எலாஸ்டிக் தளர்ந்து வாய் பிளந்திருந்தால் இரண்டு முறையும் மணல் நிறையும், பிள்ளைகள் குழம்புவார்கள். அப்படி நடந்தால் அதையும் பாடமாக்கலாம், ஏனென்றால் கங்காருவின் பை வாயிலும் இறுக்கிக்கொள்ளும் தசை இருக்கிறது. இரண்டாம் முறை மணல் ‘விழவே விழாது’ என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். குறைவாக விழும், அவ்வளவுதான். எழுதிவைத்த இரண்டு எடைகள் மீதியைச் சொல்லும்.

இதன்பின் கோலாவைக் கொண்டுவாருங்கள். மரத்தில் நிமிர்ந்து உட்காரும் விலங்கின் பை மேல்நோக்கித் திறந்தால்தானே குட்டிக்குப் பாதுகாப்பு? ஆனால் கோலாவின் பை வெளிப்பக்கமாக, சற்றே கீழ்நோக்கித் திறக்கிறது. பிள்ளைகள் மூளையைக் கசக்கட்டும். இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் கோலாவுக்கு மிக நெருங்கிய உறவு வாம்பட். இரண்டுக்கும் பொதுவான மூதாதை விட்டுப்போன சொத்து அந்தப் பை. வாழும் இடத்துக்காக மாறியதும் உண்டு, பாட்டன் கொடுத்ததால் தங்கியதும் உண்டு. பரிணாமம் என்ற சொல்லை உச்சரிக்காமலே இதை ஒன்பது வயதுக் குழந்தைக்குப் புரியவைத்துவிடலாம்.

கோலாவைக் கரடி என்று சொல்லாமலிருப்பது நம் பொறுப்பு. அதன் உணவைக் காட்ட நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நீலகிரியில் நட்டார்கள். ஒரு கொத்து இலையைக் கொண்டுவந்து மடித்து, கிழித்து, முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வாயில் வைக்க விடாதீர்கள். தைலப்புட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். நாரும் நஞ்சும் மிகுந்த, சத்துக் குறைந்த இந்த இலையை ஒரு நாளைக்கு அரைக் கிலோவோ அதற்கு மேலோ தின்று செரிக்க, கோலாவின் குருட்டுக்குடல் 2 மீட்டர் வரை நீள்கிறது. 2 மீட்டர் கயிற்றை வெட்டி, 70 செ.மீ. கோலா படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். நாளுக்கு இருபது மணி நேரம்வரை அது அசையாமல் கிடப்பது இலையின் போதையால் அல்ல, கிடைக்கும் சக்தி அவ்வளவுதான் என்பது அப்போது புரியும்.

பிளாட்டிபஸை, வாத்தலகி என்றும் சொல்கிறோம், ‘மிச்சமான உறுப்புகளை ஒட்டிச் செய்தது’ என்று சிரித்துக்கொண்டே அறிமுகப்படுத்தும் வழக்கம் இருக்கிறது. அது வேண்டாம். 1799-ல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா லண்டனில் அதன் உலர்ந்த தோலை விவரித்தபோது எங்காவது தையல் இருக்கிறதா என்று சந்தேகித்தார். அது முட்டையிடுகிறது என்பதை 1884-ல்தான் விலங்கியலாளர் வில்லியம் கால்டுவெல், குவீன்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றங்கரைப் பூர்வகுடி மக்களின் உதவியோடு, அறிவியல் உலகுக்கு உறுதிப்படுத்தினார். 85 ஆண்டுகள்! ‘அலகு, ரோமம், முட்டை, பால்’ என்று நான்கு சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இது பறவையா பாலூட்டியா என்று வாதாட விடுங்கள். அலகு பறவையினுடையதைப்போல் கெட்டியல்ல, ரப்பர்போல் மெத்தென்றிருக்கும். நீருக்கடியில் கண், காது, மூக்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, இரையின் தசை அசையும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தை அந்த அலகால் உணர்ந்து தேடுகிறது. கலங்கிய நீர்த் தொட்டியில் கோலிக்குண்டைப் போட்டு, கண்ணைக் கட்டித் துழாவ வைத்தால் அந்தத் திறமையின் பெருமை தெரியும்.

விலங்குகளோடு மனிதர்களையும் ஒரே சுவரொட்டியில் ஒட்டிவிடுகிறோமே, அதை நிறுத்த வேண்டும். முகத்தில் புள்ளி வைத்துப் ‘பூர்வகுடி வேடம்’ போடுவதும் கூடாது. அந்தக் கோலங்கள் பலவும் அவர்களது சடங்குக்குரியவை. 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழும் மக்கள், 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசியவர்கள். மொழியிலிருந்தே தொடங்கலாம். கங்காரு என்றால் ‘எனக்குத் தெரியாது’ என்று பொருள் என்பார்கள், அது கட்டுக்கதை. 1770-ல் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் வடகிழக்குக் கரையில் பழுதுபார்க்க நின்றபோது கேட்டுக் குறித்துக்கொண்ட கூகு யிமிதிர் மொழிச் சொல் அது. ஒருவகைக் கங்காருவின் பெயர். பின்னால் 2,000 கி.மீ. தள்ளி சிட்னியில் வந்திறங்கிய ஆங்கிலேயர்கள் அதே சொல்லை அங்குள்ளவர்களிடம் சொல்ல, வேறு மொழி பேசிய அவர்களுக்கு அது விளங்கவில்லை.

‘அங்கே எல்லாமே விஷமாமே?’ என்று கேட்பார்கள். நம் நாட்டில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள், அங்கே இரண்டு மூன்று பேர். பாம்பின் வீரியத்தைவிட வெறுங்கால் வயல்வேலையும் மருத்துவமனையின் தூரமும்தான் வேறுபாடு.

கடைசி வகுப்புக்கு ஒரு சீட்டு விளையாட்டு. எட்டு சீட்டுகள், நான்கு ஜோடிகள். ஜோடியின் ஒரு சீட்டில் நமக்குத் தெரிந்த விலங்கு, மற்றதில் அதே பிழைப்பை அங்கே நடத்தும் பைப்பாலூட்டி. மானுக்குக் கங்காரு, புல் மேய்வதால். பறக்கும் அணிலுக்கு சர்க்கரைக் கிளைடர். எறும்புத்தின்னிக்குக் கறையான் தின்னும் நம்பட். ஓநாய்க்கு தைலசின், முதுகில் வரியுள்ள டாஸ்மேனிய வேட்டை விலங்கு. ஜோடி சேர்த்த பிள்ளை காரணம் சொன்னால்தான் மதிப்பெண்.

தைலசின் சீட்டில் மட்டும் பின்பக்கம் ஒரு தேதி எழுதிவையுங்கள்: 7 செப்டம்பர் 1936. கடைசித் தைலசின் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகர விலங்குக் காட்சிசாலையில் இறந்த நாள். ஆடு தின்கிறது என்று அரசே தலைக்கு விலை வைத்துக் கொல்ல வைத்த விலங்கு அது. அதைப் பாதுகாக்கும் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சீட்டைத் திருப்பும் பிள்ளை ‘அப்போ ஓநாய்க்கு ஜோடி?’ என்று கேட்கும். ஓநாய்ச் சீட்டைத் தனியாக மேசைமேல் விட்டுவிட்டு, மற்ற மூன்று ஜோடிகளோடு ஆட்டத்தைத் தொடருங்கள்.