வினோதமான செய்தின்னா அது ஏன் ஃப்ளோரிடாவாவே இருக்கு?

[திரை: நெடுஞ்சாலை ஓரத்து துரித உணவுக் கடை, காரிலிருந்தே வாங்கும் ஜன்னல்]

2015 அக்டோபர். அமெரிக்காவோட ஃப்ளோரிடா மாநிலத்துல பாம் பீச் கவுன்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி. கார்ல வந்த ஒருத்தர் ஜன்னல்ல கூல்டிரிங்க்ஸ் வாங்கினார். கடை ஊழியர் அந்தப் பக்கம் திரும்பினதும், சுமார் மூணரை அடி நீள முதலையைத் தூக்கி உள்ள போட்டுட்டுக் கிளம்பிட்டார். யாருக்கும் அடி படல. சில மாசம் கழிச்சு கைதானப்ப போட்ட பிரிவுகள்ல ஒண்ணு, ஆபத்தான ஆயுதத்தால தாக்கினது. ஆயுதம்? அந்த முதலைதான்.

[திரை: "ஃப்ளோரிடா மேன்" என்று தொடங்கும் தலைப்புகள் வரிசையாக]

இந்த மாதிரிச் செய்திகளைத் திரட்டிப் போடவே 2013-ல ட்விட்டர்ல ஒரு கணக்கு வந்துச்சு. "ஃப்ளோரிடா மேன்"ங்கிறது உலகமே சிரிக்கிற பட்டப்பேராச்சு. அப்ப அந்த ஊர்த் தண்ணியில ஏதாவது கலந்திருக்கா?

தண்ணியில இல்ல, சட்டத்துல இருக்கு.

[திரை: ஃப்ளோரிடா சட்டத் தொகுப்பு, அத்தியாயம் 119]

அரசு ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கணும்னு ஃப்ளோரிடா 1909-லயே சட்டம் போட்டுடுச்சு. 1992-ல அதை மாநில அரசியலமைப்புலயே சேர்த்தாங்க. நம்ம ஊர் ஆர்டிஐ-ல இந்தியக் குடிமகனா இருக்கணும், 10 ரூபா கட்டணும், 30 நாள் காத்திருக்கணும். அங்க பேர் சொல்ல வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுக்கணும்னுகூட இல்ல. அந்த மாநிலத்துக்காரரா இருக்கணும்கிற நிபந்தனையும் கிடையாது. மதுரையிலிருந்து ஒரு மெயில் தட்டினாலும் கேட்டது கேட்டதுதான். சாதாரணப் பிரதிக்கு ஒரு பக்கம் 15 சென்ட் வரைக்கும் வாங்கலாம். தேடி எடுக்க ரொம்ப நேரம் பிடிச்சா தனிக் கட்டணம்.

விசாரணையில இருக்கிற வழக்கோட தகவலை மறைக்க அங்கயும் விலக்கு உண்டு. ஆனா கைதானவரோட பேர், வயசு, முகவரி, எங்க எப்ப கைது, என்ன குற்றச்சாட்டு இதெல்லாம் அந்த விலக்குல வராதுன்னு சட்டமே பட்டியல் போட்டிருக்கு. கூடவே போலீஸ் எழுதற கைது அறிக்கை. ஆள் என்ன போட்டிருந்தார், கையில என்ன வச்சிருந்தார், பிடிச்சப்ப என்ன சொன்னார்னு எல்லாம் அதுல இருக்கும். நிருபர் காலையில காப்பி குடிச்சிக்கிட்டே அதைப் படிச்சு, மத்தியானத்துக்குள்ள செய்தியாக்கிடலாம். போட்டோவும் கிடைச்சுடும். ஜெர்மனியில இதே ஆளோட பேரைப் பெரும்பாலும் முதல் பேரும் ஒரு எழுத்துமாத்தான் போடுவாங்க. செய்தி அங்கயே சப்புனு போயிடும்.

[திரை: இரண்டு மாநிலங்களின் வரைபடம், மக்கள் தொகையோடு]

அடுத்தது தலை எண்ணிக்கை. 2020 கணக்கெடுப்புல ஃப்ளோரிடாவுக்கு 2 கோடியே 15 லட்சம் பேர், அமெரிக்காவுல மூணாவது இடம். வயோமிங் மாநிலத்துல 5 லட்சத்து 77 ஆயிரம்தான். வயோமிங்ல ஒரு கிறுக்குத்தனம் நடந்தா, அதே விகிதத்துல ஃப்ளோரிடாவுல 37 நடக்கும். வரிசையா 37 தலைப்பைப் பார்க்கிற யாரும் வகுத்துப் பார்க்கிறதில்ல. இதுல முதலை வேற, மொத்தம் இருக்கிற 67 கவுன்டியிலயும் உண்டு. வீசணும்னு தோணினா தேடி அலைய வேண்டியதில்ல.

மூணாவதா தலைப்பு எழுதற பழக்கம். லண்டன்ல இருக்கிற வாசகருக்கு சம்பவம் நடந்த சின்ன ஊர்ப் பேர் புரியாது, அதனால எடிட்டர் மாநிலப் பேரைப் போடறார். "ஓஹாயோ மேன்"னும் தலைப்பு வரத்தான் செய்யுது. ஆனா பட்டம் ஒட்டினப்புறம் ஃப்ளோரிடா பேருக்குத்தான் கிளிக் விழும், அதனால அதையே தேடி எடுத்துப் போடறாங்க. 2019-ல பிறந்தநாள் தேதியோட "ஃப்ளோரிடா மேன்"னு தேடற விளையாட்டு பரவினது ஞாபகம் இருக்கும். எந்தத் தேதிக்கும் ஏதாவது மாட்டும். மாட்டாம இருந்தாத்தான் அதிசயம். பல வருஷத்துச் செய்திகள் ஒரே தேதியில குவிஞ்சு கிடக்கு. அதுலயும் பல, சம்பவ நாளே இல்ல, செய்தி வெளியான நாள்.

[திரை: மயாமி, 2012]

இது தப்பாப் போற இடமும் உண்டு. 2012 மே மாசம் மயாமியில ஒருத்தர் இன்னொருத்தரோட முகத்தைக் கடிச்சுக் குதறினார். "பாத் சால்ட்ஸ்" போதைதான் காரணம்னு உலகம் முழுக்க எழுதினாங்க. அடுத்த மாசம் பரிசோதனை முடிவு வந்துச்சு: உடம்புல இருந்தது கஞ்சா மட்டும்தான். முதல் செய்தி இன்னும் சுத்துது, இரண்டாவதைச் சொன்னா நிறைய பேர் "அப்படியா?"ங்கிறாங்க. கைது அறிக்கைங்கிறது போலீஸ் தரப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்ல. பேரும் படமும் மட்டும் காலத்துக்கும் கூகுள்ல நிக்கும். டாம்பா பே டைம்ஸ் பத்திரிகை தன் இணையதளத்துல வச்சிருந்த கைதானவர்கள் படத் தொகுப்பை 2020-ல எடுத்துட்டதுக்கு இப்படிப்பட்ட கவலைகள்தான் காரணம்.

அடுத்த தடவை ஒரு தலைப்பு கண்ணுல பட்டா, அந்த கவுன்டியோட நீதிமன்ற எழுத்தர் தளத்துக்குப் போங்க. பேரைப் போட்டு வழக்கைத் தேடினா என்ன முடிவாச்சுன்னு பார்க்கலாம். அரசுத் தரப்பு வழக்கைத் தொடரலன்னா "நாலி ப்ராஸ்"னு போட்டிருப்பாங்க. அதையும் பார்த்துட்டு அப்புறம் ஃபார்வர்ட் பண்ணுங்க.