ப்ராசஸ் ஷீட்டில் ஆளுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

வணக்கம். உற்பத்திச் செயல்முறையைத் திட்டமிடும்போது தொழிலாளியின் திறனை எங்கே, எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். என் கையில் இருப்பது ஒரு ப்ராசஸ் ஷீட், அதாவது ஒரு பாகத்தைச் செய்யும் பணிகளை வரிசையாக எழுதிய தாள். பணி எண், இயந்திரம், வெட்டுக்கருவி, பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சர், அளவு பார்க்கும் கேஜ் எல்லாம் இதில் இருக்கின்றன. இயந்திரத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டில் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது வரை எழுதப்பட்டிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் நேரம் என்று ஓர் எண் இருக்கிறது. அந்த நேரம் யாருடைய கைக்கு என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

பணி எண் 40-ஐப் பாருங்கள்: ‘பிசிறு நீக்கவும்.’ இரண்டே சொற்கள். பிசிறு என்பது வெட்டிய விளிம்பில் ஒட்டி நிற்கும் மெல்லிய உலோகத் துணுக்கு. இது ஹைட்ராலிக் வால்வின் உடல் பகுதி. உள்ளே துளைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, அந்தச் சந்திப்புகளில்தான் பிசிறு நிற்கும். தேர்ந்த ஆப்பரேட்டர் பாகத்தை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, துளைக்குள் ஒளி எங்கே கலைகிறது என்று பார்த்து, வளைந்த முனையுள்ள சுரண்டியை உள்ளே விட்டு, ஒரே சுழற்றலில் எடுத்துவிடுவார். முனை தடையில்லாமல் வழுக்கிப் போகிறதா என்பதை விரல் அவருக்குச் சொல்லிவிடும். அங்கே பிசிறு தங்கிவிட்டால், பிற்பாடு அது உடைந்து எண்ணெயோடு ஓடி, வால்வுக்குள் நகரும் உருளையான ஸ்பூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு இந்த வேலைக்கு நேரம் அளக்க ஸ்டாப்வாட்சுடன் போனவன் நான்தான். அந்தப் பிரிவிலேயே கைதேர்ந்தவரின் பக்கத்தில் நின்று அளந்தேன். 40 வினாடி வந்தது, அதையே எழுதிவிட்டேன். அடுத்த ஷிஃப்ட்டில் யாராலும் அந்த நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. மேசையில் பாகங்கள் குவிந்தன. மேற்பார்வையாளர் கடிந்துகொண்டதும் வேகம் கூடியது, ஆனால் உள்துளைகளைத் தொடாமலேயே பாகங்கள் நகரத் தொடங்கின. ஆய்வில் அது பிடிபட்டபோது விளக்கம் கேட்கப்பட்டது தொழிலாளிகளிடம். என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

நான் தவறவிட்ட படிக்கு மிகப் பழைய தீர்வு ஒன்று இருக்கிறது. 1920-களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் உருவான மதிப்பீட்டு முறையில், அளந்த நேரத்தை நான்கு காரணங்களுக்காகத் திருத்துவார்கள்: திறன், முயற்சி, சூழல், சீர்மை. இவற்றில் திறனுக்காக மட்டுமே +15% முதல் −22% வரை திருத்தம் உண்டு. என் 40 வினாடியை மிக உயர்ந்த திறன் என்று எடுத்துக்கொண்டால், 1.15-ஆல் பெருக்கி 46 வினாடி என்று எழுதியிருக்க வேண்டும். களைப்புக்கும் இடைவேளைக்கும் தரும் சலுகை அதற்கு மேல். திறனும் முயற்சியும் தனித்தனியாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கடுமையாக உழைப்பவர் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. தேர்ந்தவர் பல நேரங்களில் அவசரமே இல்லாதவர்போலத் தெரிவார்.

இருந்தாலும் இந்தத் திருத்தம் நமக்குத் தருவது ஒரு சராசரி மனிதரைத்தான்; லைனில் வந்து நிற்பவர் ஒரு குறிப்பிட்ட மனிதர். இந்தப் பலகையில் ஒரு கணக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு ஷிஃப்ட்டில் 450 நிமிடம், தேவை 300 பாகம். எனவே டாக்ட் டைம், அதாவது ஒரு பாகத்துக்குக் கிடைக்கும் நேரம், 90 வினாடி. ஐந்து நிலையங்களின் நேரம் முறையே 82, 85, 88, 80, 86 வினாடி. தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்றாம் நிலையத்தில் இருப்பவர் விடுப்பில் போக, கால் பங்கு நேரம் கூடுதலாக எடுக்கும் புதியவர் ஒருவர் அங்கே நிறுத்தப்படுகிறார் என்று வையுங்கள். 88 வினாடி 110 ஆகிறது. மிக மெதுவான நிலையத்தின் வேகம்தான் லைனின் வேகம் என்பதால், ஷிஃப்ட்டின் 27,000 வினாடியை 110-ஆல் வகுத்தால் 245 பாகம். நான்கு பேரின் வேகம் அப்படியே இருந்தும், ஒரு ஷிஃப்ட்டில் 55 பாகம் குறைகிறது.

அதே புதியவரை நான்காம் நிலையத்துக்கு மாற்றி, அங்கே இருந்தவரை மூன்றாவதில் நிறுத்தினால் 80 வினாடி 100 ஆகும். 270 பாகம் கிடைக்கும். அந்த நிலையத்தின் வேலையில் 2 வினாடிக்கானதை மூன்றாவதுக்கும் 4 வினாடிக்கானதை ஐந்தாவதுக்கும் பிரித்துக் கொடுத்தால், அவை இரண்டும் 90-ஐத் தொட்டு நின்றுவிடும். புதியவரிடம் மிஞ்சும் 74 வினாடி வேலை அவர் கையில் 92.5 ஆகி, 291 பாகம் வரும். ஆள் மாறவில்லை, இயந்திரமும் மாறவில்லை. லைன் பேலன்சிங்கை, அதாவது நிலையங்களுக்கு வேலையைச் சமமாகப் பிரிக்கும் கணக்கை, ஒரு முறை போட்டுச் சட்டமிட்டு மாட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். ஆனால் இந்த மாற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: நான்காவதில் இருந்தவருக்கு மூன்றாம் நிலைய வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

வேகத்தில் உள்ள வேறுபாட்டையே பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பார்த்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் ஆராய்ந்து காட்டிய முறை அது. அதில் ஆளுக்கு நிலையம் கிடையாது. ஒவ்வொருவரும் பாகத்தை முன்னோக்கிக் கொண்டுபோகிறார், கடைசி ஆள் முடித்ததும் பின்னால் நடந்துபோய் தனக்கு முந்தியவரிடமிருந்து வேலையை வாங்கிக்கொள்கிறார், அவர் தனக்கு முந்தியவரிடம் போகிறார். மெதுவானவர் தொடக்கத்திலும் வேகமானவர் இறுதியிலுமாக வரிசைப்படுத்தினால், யாரும் திட்டமிடாமலேயே லைன் தானாகச் சமநிலைக்கு வரும். கிடங்கிலிருந்து பொருள் எடுக்கும் வேலைக்கு இது அழகாகப் பொருந்தும். பிசிறு நீக்குவதுபோலக் கைப்பக்குவம் தேவைப்படும் வேலையைப் பாதியில் கைமாற்ற நான் துணிய மாட்டேன்.

புதியவர் புதியவராகவே இருந்துவிடுவதில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். விமான உற்பத்தியை ஆராய்ந்த ரைட் என்ற பொறியாளர் 1936-இல் வெளியிட்ட கணக்கின்படி, மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒன்றுக்கான சராசரி உழைப்பு நேரம் முந்தையதில் 80% ஆகிறது. முதல் துண்டுக்கு 10 நிமிடம் என்றால், இரண்டு துண்டுகளின் சராசரி 8, நான்கின் சராசரி 6.4, எட்டின் சராசரி 5.12. இந்த 80% எல்லா வேலைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இயந்திரம் தானாகச் செய்யும் பங்கு கூடக்கூடக் கற்றலால் மிச்சமாகும் நேரம் குறையும். சிறு சிறு தொகுதிகளாக, இடையில் நீண்ட இடைவெளி விட்டு வரும் ஆர்டர்களில் இதை நம்பி நேரத்தைக் குறைப்பது ஆபத்து, ஏனென்றால் கை மறந்துவிடும்.

மறப்பதை வெல்டிங் துறை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐஎஸ்ஓ 9606-1 என்ற சர்வதேசத் தரநிலையில் ‘வெல்டர்’ என்று பொதுவாக ஒரு தகுதி கிடையாது. எந்த முறை, தகடா குழாயா, என்ன தடிமன், எந்த நிலை என்று வரையறுத்தே தகுதி தரப்படுகிறது. கிடையாக வைத்த இணைப்பை மேலிருந்து வெல்ட் செய்யும் நிலையில் பட்-வெல்ட் (விளிம்போடு விளிம்பு சேர்ப்பது) தேர்வில் தேறியவர் அதைக் கொண்டே தலைக்கு மேலான வெல்டிங்கைச் செய்துவிட முடியாது. அந்தத் தகுதி எல்லைக்குள் அவர் தொடர்ந்து வேலை செய்துவருகிறார் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிசெய்து கையொப்பமும் இட வேண்டும். யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று காட்ட, பல இடங்களில் சுவரில் தொங்கும் ஸ்கில் மேட்ரிக்ஸ் அட்டவணையில் இந்தக் கூர்மை இல்லை; நான்கு காலாக வகுத்த வட்டம் ஒருமுறை கறுப்பாக நிரம்பிவிட்டால், அந்த மனிதர் இரண்டு ஆண்டுகள் அந்த இயந்திரத்தைத் தொடாவிட்டாலும் அது கறுப்பாகவே இருக்கும்.

அதனால் என் ஷீட்டில் மூன்று கட்டங்களைச் சேர்த்திருக்கிறேன். கேமராவை இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுவருகிறேன். முதலாவது, இந்தப் பணிக்குத் தேவையான திறன், ‘மூத்த ஆப்பரேட்டர்’ என்ற பதவிப் பெயரில் அல்ல, ‘குறுக்குத்துளையில் பிசிறு இருப்பதைக் கண்டும் தொட்டும் அறிவார்’ என்று செயலாக எழுதப்பட்டது. இரண்டாவது, அதைச் செய்யக்கூடியவர்கள் யார். மூன்றாவது, ஒவ்வொருவரும் கடைசியாக அதைச் செய்த தேதி. பணி எண் 40-க்கு நேராக இரண்டே பெயர்கள் இருந்தன, இருவரும் ஒரே ஷிஃப்ட். திங்கள்கிழமையிலிருந்து ஒருவர் அடுத்த ஷிஃப்ட்டுக்குப் போகிறார். மூன்றாவதாக ஒருவர் அவர் பக்கத்தில் நின்று பழகப்போகிறார். அந்த மேசைக்கு அதுவரை 46 வினாடி என்று நான் எழுதப்போவதில்லை.