காக்கைக்கு வழி விட்ட துறவி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மகாவீரர் பிறந்த நாளையொட்டி அவருடைய வாழ்வையும் போதனையையும் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்தபோது, எங்கிருந்து தொடங்குவது என்று நான் தயங்கவில்லை. பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலாத ஒரு காட்சி உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சமண ஆகமங்களுள் மிகப் பழைமையானது ஆசாராங்க சூத்திரத்தின் முதற்பகுதி. மகாவீரர் துறவு பூண்டு ஊர் ஊராக அலைந்த காலத்தைச் சொல்லும் ஓர் இயல் அதில் இருக்கிறது. அவர் பிச்சை ஏற்கப் போகும் வழியில் பசித்த காகங்கள் இறங்கி இரை பொறுக்கிக்கொண்டிருந்தாலும், ஒரு வீட்டு வாசலில் அந்தணரோ வேறு துறவியோ இரவலரோ ஊரார் தீண்ட மறுத்தவரோ முன்னதாக வந்து நின்றாலும், ஏன், ஒரு பூனையோ நாயோ நின்றாலும்கூட, அவற்றின் உணவுக்கு இடையூறு நேராதபடி அவர் மெல்ல விலகி நடந்தார் என்று அந்த இயல் கூறுகிறது.

இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள நமக்கு உரை எதுவும் தேவையில்லை. நம் வீடுகளில் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். என் தாயார் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு பிடி சோற்றை வைத்துக் குரல் கொடுத்துவிட்டு, உடனே இரண்டடி பின்னால் வந்து கதவோரம் நின்றுகொள்வார். காகம் வரும், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும், பக்கவாட்டில் ஒரு தத்துத் தத்தி, ஒரு பருக்கையைக் கொத்தி, மறுபடியும் பார்க்கும். அவர் அசைந்தால் பறந்துவிடும். சோறு வைத்தது பாதி. விலகி நின்றது மறுபாதி. சிறு வயதில் அந்த இரண்டடி எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. பின்னாளில் ஆசாராங்கத்தைப் படித்தபோதுதான் அந்த இரண்டடியின் அருமை எனக்கு விளங்கியது. மகாவீரரிடம் கொடுப்பதற்குச் சோறு இல்லை. ஆனால் விலகி நிற்க முடிந்தது. கொல்லாமை என்று நாம் சொல்லும் அறம் அவரிடத்தில் இப்படித்தான் தொடங்குகிறது: மற்றோர் உயிருக்கு இடம் விடுவதில்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரபு வழங்கும் கணக்குப்படி கி.மு. 599இல், வைசாலியை அடுத்த குண்டகிராமத்தில், சித்தார்த்தர், திரிசலை என்பவர்களுக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வர்த்தமானர். முப்பதாம் வயதில் வீட்டைத் துறந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடுந்தவம் இயற்றி, ரிஜுபாலிகை ஆற்றங்கரையில் ஒரு சால மரத்தின் அருகே முழுதுணர் ஞானம் பெற்று, அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்களுக்கு அறம் உரைத்து, எழுபத்திரண்டாம் வயதில் பாவாபுரியில் வீடுபேறு அடைந்தார். ஆய்வாளர் பலர் இந்தக் காலத்தைச் சற்றுப் பின்தள்ளுவர். ஆனால் அவர் புத்தரின் காலத்தவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சமணத்தைத் தோற்றுவித்தவர் அவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. சமண நெறியை உலகுக்கு உரைத்த ஆசான்களாகிய தீர்த்தங்கரர்களில் அவர் இருபத்து நான்காமவர்; அவருடைய பெற்றோரே, முன்னவரான பார்சுவநாதரின் நெறியைப் பின்பற்றியவர்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். சமணத்தில் சுவேதாம்பரர், திகம்பரர் என இரு மரபினர் உண்டு. நான் இன்று கூறும் நிகழ்ச்சிகள் சுவேதாம்பர மரபின் நூல்களில் வருவன. நம் தமிழ்ச் சமணர்கள் திகம்பர மரபினர். அவர்கள் இந்த ஆகமங்களை மூலநூல்களாக ஏற்பதில்லை. வாழ்க்கை வரலாற்றிலும் சில செய்திகளில் வேறுபடுவார்கள். அவர் உரைத்த கொல்லாமையில் இரு மரபுக்கும் வேறுபாடு இல்லை.

துறவு பூண்டபின் வந்த முதல் மழைக்காலத்தில் மகாவீரர் ஒரு தவப்பள்ளியில் தங்கினார். அதன் தலைவர் அவருடைய தந்தைக்கு நண்பர். அன்போடு ஒரு புற்குடிசையைத் தந்தார். புதுப்புல் இன்னும் முளைக்கவில்லை. பசித்த மாடுகள் குடிசைகளின் கூரைப்புல்லை இழுத்துத் தின்ன வந்தன. கூரை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும்: ஓரத்தில் ஒரு கற்றையை மாடு பிடித்து இழுத்தால் அதனோடு நாலு கற்றை சரிந்து வரும். மற்றத் தவசிகள் கோலெடுத்து விரட்டினார்கள். மகாவீரர் தியானத்தில் நின்றார். மாடுகள் அவர் கூரையைத் தின்றன. பறவைகூடத் தன் கூட்டைக் காக்கிறதே என்று தலைவர் குறைபட்டுக்கொண்டபோது, தாம் இருப்பது பிறருக்கு மனவருத்தம் தருகிறது என்று உணர்ந்து, மழைக்காலம் என்றும் பாராமல் அவர் அந்த இடத்தை விட்டு வெளியேறினார். பிறருக்கு உவப்பில்லாத இடத்தில் இனித் தங்குவதில்லை என்று அப்போது அவர் மேற்கொண்ட உறுதியை மரபு நினைவில் வைத்திருக்கிறது. மாட்டுக்குக் கூரையை விட்டார். மனிதருக்கு இடத்தையே விட்டார்.

இன்றைய மேற்கு வங்கப் பகுதியான லாடநாட்டில் அவர் பட்ட துன்பமும் ஆசாராங்கத்தில் இருக்கிறது. ஊரார் சூச்சூ என்று கூவி நாய்களை அவர்மேல் ஏவினார்கள்; விலக்கிவிட்டவர்கள் மிகச் சிலரே. நாய்களுக்கு எதிராக ஒரு கோலைக்கூட அவர் கையில் எடுக்கவில்லை.

இனி, நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடாத நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

வைசாலிக்கு அருகே வாணிஜகிராமம் என்னும் ஊரில் ஆனந்தர் என்றொரு பெருஞ்செல்வர் இருந்தார். சேமிப்பில் நான்கு கோடிப் பொன், வாணிகத்தில் நான்கு கோடி, வீட்டுடைமையில் நான்கு கோடி, அதோடு நாற்பதாயிரம் மாடுகள் என்று உபாசகதசாங்கம் என்னும் ஆகமம் அவருடைய செல்வத்தைக் கணக்கிடுகிறது. மகாவீரரின் உரையைக் கேட்ட ஆனந்தர், துறவு கொள்ளும் வலிமை தமக்கு இல்லை என்று சொல்லி, இல்லறத்தாருக்குரிய நோன்புகளை ஏற்றார். இருக்கும் செல்வம் போதும், இதற்கு மேல் வேண்டாம் என்று எல்லை கட்டினார். பல் துலக்கப் பச்சை அதிமதுரக் குச்சி ஒன்றுதான், குளிக்க எட்டுக் குடம் தண்ணீர்தான் என்று அன்றாடப் பயன்பாட்டையும் வரையறுத்தார். எட்டுக் குடம் என்று எண்ணி மொள்ளும்போது ஒன்பதாவது குடத்துத் தண்ணீர் கிணற்றிலேயே, பிறருக்காக இருக்கிறது. இதுவும் இடம் விடுவதுதான்.

ஆண்டுகள் சென்றன. ஆனந்தர் குடும்பப் பொறுப்பை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு, நோன்பிருந்து, உடல் வற்றி, புல்விரிப்பில் படுத்திருந்தார். அப்போது மகாவீரரின் தலைமை மாணாக்கரான கௌதமர் பிச்சைக்காக ஊருக்குள் வந்தவர், அவரைப் பார்க்கப் போனார். கணதரர்கள் எனப்படும் பதினொரு தலைமை மாணாக்கர்களில் முதல்வர் அவர். புத்தராகிய கௌதமர் வேறு. இவர் இந்திரபூதி கௌதமர். ஆனந்தரால் எழ முடியவில்லை. ஐயா, தாங்கள் அருகே வந்தால் தங்கள் பாதத்தில் தலை வைத்து வணங்குவேன் என்றார். கௌதமர் அருகே சென்றார். வணங்கியபின் ஆனந்தர், தமக்கு அவதி ஞானம் வாய்த்திருக்கிறது என்றும், புலன்களின் துணையின்றி இன்ன தொலைவு வரை காண முடிகிறது என்றும் சொன்னார்.

கௌதமர் அதை ஏற்கவில்லை. இல்லறத்தாருக்கு அந்த ஞானம் வாய்க்கலாம், ஆனால் இவ்வளவு பரந்த அளவில் வாய்க்காது, ஆகவே நீர் சொன்னதற்குக் கழுவாய் தேட வேண்டும் என்றார். படுத்த படுக்கையில் இருந்த அந்த முதியவர் பணிவோடு கேட்டார்: ஐயா, நம் நெறியில் உண்மையைச் சொன்னதற்குக் கழுவாய் உண்டா? இல்லை என்றார் கௌதமர். அப்படியானால் கழுவாய் தேட வேண்டியவர் தாங்கள்தான் என்றார் ஆனந்தர்.

கௌதமருக்கு ஐயம் பிறந்தது. மகாவீரரிடம் திரும்பி வந்து, ஏற்ற பிச்சையைக் காட்டிவிட்டு, நடந்ததைச் சொல்லி, கழுவாய் தேட வேண்டியவர் ஆனந்தரா நானா என்று கேட்டார். நீதான், போய் ஆனந்தரிடம் மன்னிப்புக் கேள் என்றார் மகாவீரர். கௌதமர் அந்தப் புல்விரிப்பின் அருகே மறுபடியும் சென்று மன்னிப்புக் கேட்டார்.

நேயர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஒரு பக்கம் சங்கத்தின் தலைமைத் துறவி. மறுபக்கம் ஒரு வணிகர், வீட்டில் இருப்பவர். தம் மாணாக்கரின் மதிப்பைக் காப்பதற்காக ஆசிரியர் மழுப்பியிருக்கலாம்; நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அதைவிட எனக்கு வியப்பளிப்பவர் கௌதமர். போ என்றதும் போனாரே! அலுவலகத்தில் தமக்குக் கீழே வேலை செய்பவரிடம், வீட்டில் தம் பிள்ளையிடம், நான் சொன்னது தவறு என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு அந்த நடையின் தொலைவு தெரியும். காக்கைக்கு வழி விடுவது எளிது. நம்மைவிடக் கீழே இருப்பதாக நாம் நினைப்பவரின் உண்மைக்கு வழி விடுவது அதைவிட அரிது. மகாவீரர் இரண்டையும் ஒரே அறமாகவே கண்டார் என்பது என் துணிபு.

அநேகாந்தம் என்னும் கொள்கையை, அதாவது ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்னும் கோட்பாட்டை, விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. ஆகவே பகவதி சூத்திரத்திலிருந்து ஒரே ஓர் உரையாடலை மட்டும் சொல்கிறேன். கௌசாம்பி நகரத்து மன்னன் உதயணனின் அத்தை ஜயந்தி, துறவியருக்குத் தங்க இடம் கொடுத்துப் பெயர் பெற்றவர். அவர் மகாவீரரிடம், உறங்குவது நல்லதா, விழித்திருப்பது நல்லதா என்று கேட்டார். அறவழியில் நடப்பவர் விழித்திருப்பது நல்லது; அறமற்றவர் உறங்குவது நல்லது, ஏனெனில் அவர் உறங்கும்வரை பிற உயிர்களுக்குத் துன்பம் இல்லை என்றார் மகாவீரர். வலிமை நல்லதா, மெலிவு நல்லதா என்றும், சுறுசுறுப்பு நல்லதா, சோம்பல் நல்லதா என்றும் ஜயந்தி அடுத்தடுத்துக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவ்வாறே பிரித்து விடை வந்தது. கேள்விகள் தீர்ந்தபின் ஜயந்தி அரண்மனைக்குத் திரும்பவில்லை. துறவியர் சங்கத்தில் சேர்ந்தார்.

நேரம் முடிகிறது. செவிமடுத்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.