அந்தம்மாவும் வாங்கிக்கிச்சு!

நடுவர் ஐயாவுக்கும் ஊர்ப் பெரியவங்களுக்கும் வணக்கம். நேரம் கம்மி, வணக்கத்தை இத்தோட வச்சுக்குறேன்.

படம் ஆரம்பிக்குறதுக்கு முன்னால ஸ்டுடியோ பேரோட வருமே ஒரு முத்திரை இசை, அது கம்பெனி விளம்பரமா, ரசிகன் சொத்தா? எதிரணி அண்ணன், "ஹாலிவுட் கம்பெனி ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் இசையா? அது பாப்கார்ன் வாங்குற நேரம்"னார். நீங்களும் கைதட்டினீங்க. இருக்கட்டும்.

பாப்கார்ன் கதையை எங்கிட்டயா சொல்றீங்க அண்ணே? என் வீட்டுக்காரர் வாங்கப் போனவர்தான். உள்ளே 'டர்ர்ர்ர்'னு டிரம் உருளுது. மீதிச் சில்லறைகூட வாங்கல, ஓடி வந்தார். ஒரே இருட்டு. திரையில சர்ச்லைட் சுத்துது. தொப்புன்னு உட்கார்ந்து, பக்கத்துல இருந்த அம்மாவுக்கு ஒரு கை ஊட்டிட்டார். அது யாரு? அவருக்கும் தெரியாது! நான் மூணு வரிசை முன்னால இருக்கேன்.

பின்னால கேக்கலையா? மறுபடி சொல்றேன். டிரம் உருளுது... ஓடி வர்றார்... ஊட்டிட்டார்! அந்தம்மாவும் வாங்கிக்கிச்சு ஐயா! அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

கடைக்குப் போனவனை உள்ளே இழுக்குது அண்ணே அந்த இசை! எழுதினவர் ஆல்ஃபிரட் நியூமன். வருஷம் 1933. அப்ப கம்பெனி பேர்ல ஃபாக்ஸே கிடையாது, வெறும் ட்வென்டியத் செஞ்சுரி பிக்சர்ஸ். 1935ல ஃபாக்ஸோட கல்யாணம் ஆச்சு, இசை சீதனமா வந்துச்சு. 1950கள்ல சினிமாஸ்கோப் வந்து திரை அகலமாக, புடவைக்கு முந்தானை வச்ச மாதிரி நியூமன் இசையையும் நீட்டிட்டார்.

விளம்பரம்னா, 70கள்ல கம்பெனியே அதைப் பரண்ல ஏன் போட்டுச்சு? 1977ல ஸ்டார் வார்ஸுக்கு அது வேணும்னு நின்னவர் முதலாளி இல்ல, இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ். படத்துக்கு இசையமைச்ச ஜான் வில்லியம்ஸ் தன் இசையை அதே சுருதியில ஆரம்பிச்சார். இது முடியுற இடத்துல அது பிடிச்சுக்குது!

நியூமன் 1970ல போய்ச் சேர்ந்துட்டார். மகன் டேவிடுக்கு அப்ப 15 வயசு. 1997ல அந்த இசையைப் புதுசா ஒலிப்பதிவு பண்ணாங்க. கையில கோலோட இசைக்குழு முன்னால நின்னது யாரு? அந்த டேவிட்.

மணி அடிக்காதீங்க ஐயா, ஒரு நிமிஷம். எங்கப்பா ராத்திரி வாசல்ல சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அவர் போய்ப் பதினோரு வருஷம். அந்தச் சத்தத்தை நான் எங்க போய்க் கேட்பேன்?

டேவிட் கையைத் தூக்கினார், கேட்டுச்சு.

வர்றேன். வணக்கம்.