சின்னப் புயல்தான் என்றார்கள்… 38 செயற்கைக்கோள்கள் எரிந்தே போயின!

[திரையில்: இரவு வானம், சிதறி எரியும் தீக்கோடுகள்]

2022 பிப்ரவரி 7, அதிகாலை. போர்ட்டோ ரிக்கோ தீவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவில் பதிவான காட்சி இது. எரிகல் மாதிரி இருக்கிறதா? இது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள். 4 நாள் முன்னால் ஃப்ளோரிடாவில் இருந்து ஒரே ராக்கெட்டில் 49 கிளம்பின, 38 திரும்பி விழுந்து எரிந்துவிட்டன. காரணம், சூரியன் கிளப்பிய காந்தப் புயல். அந்தப் புயல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள்! அப்புறம் எப்படி இப்படி ஆனது?

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். சூரியன் அவ்வப்போது பிளாஸ்மாவை (மின்னேற்றம் கொண்ட சூடான வாயுவை) வாரி வீசும். அது பூமியின் காந்தப்புலத்தை உலுக்கினால் காந்தப் புயல். அமெரிக்காவில் போல்டர் நகரத்து விண்வெளி வானிலை மையம் அதை ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரித்து அறிவிக்கும். அன்றைக்கு அடித்தது ஜி1. இருப்பதிலேயே சின்னது.

[திரையில்: அடுப்பில் பால்]

பால் சூடானால் என்ன ஆகும்? பொங்கி மேலே வரும். புயலில் சூடேறிய மேல் வளிமண்டலமும் அப்படித்தான் பொங்கியது. இந்தச் செயற்கைக்கோள்களை முதலில் 210 கி.மீ. உயரத்தில்தான் இறக்கிவிட்டிருந்தார்கள். பழுதானது எதுவும் வானத்திலேயே குப்பையாகத் தங்காமல் சீக்கிரம் விழுந்துவிடட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் காற்று பொங்கி மேலே வந்ததால், அந்த உயரத்தில் அதன் இழுவை (பின்னுக்கு இழுக்கும் விசை) முந்தைய ஏவுதல்களைவிட 50% வரை கூடிவிட்டது.

அப்போது கட்டுப்பாட்டு அறையில் செய்த வேலை இருக்கிறதே, எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அது. ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியவர்களுக்குத் தெரியும் (தயவுசெய்து இப்போது செய்து பார்க்காதீர்கள்!). உள்ளங்கையைக் காற்றுக்கு எதிரே காட்டினால் கையைப் பின்னால் தள்ளும். கத்தி மாதிரித் திருப்பினால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். வினாடிக்குக் கிட்டத்தட்ட 7.8 கி.மீ. வேகத்தில் பறந்த அந்தத் தட்டையான செயற்கைக்கோள்களை அதே மாதிரி, ஒரு காகிதத்தின் விளிம்பு போலத் திருப்பினார்கள். புயல் ஓயும்வரை பதுங்கியிருக்கட்டும் என்று. ஆனால் இழுவை அதிகமாக இருந்ததால் பெரும்பாலானவற்றால் அந்தப் பதுங்கலில் இருந்து வெளியே வந்து மேலே ஏறவே முடியவில்லை.

சரி, முன்னறிவிப்பு தப்பா? இல்லை. நம் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டின் எண் கப்பல்காரருக்கு எல்லாம் சொல்லிவிடும். வயலில் நிற்கிற விவசாயிக்கு வேண்டியது "எத்தனை சென்டிமீட்டர் மழை?" என்பது. ஜி எண்ணும் ஒரு கூண்டு எண்தான். தரையில் இருக்கும் கருவிகள் காந்தப்புலம் எவ்வளவு ஆடியது என்று அளந்து வருவது அது. 210 கி.மீ. உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி என்று அது சொல்லாது. அதைக் கணக்கிடும் போல்டர் மையத்தின் கணினி மாடல் 2021-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கணக்கு ஒரு பக்கம், அது தேவைப்பட்டவர் இன்னொரு பக்கம்.

விபத்துக்கு அப்புறம் ஸ்பேஸ்எக்ஸ் பொறியாளர்களும் போல்டர் விஞ்ஞானிகளும் சேர்ந்து உட்கார்ந்து, அதே வருடம் கூட்டாக ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்தடுத்த ஏவுதல்களில் இறக்கிவிடும் உயரத்தையும் கூட்டினார்கள். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்பேன்.

2024 மே 10-இல் ஜி5 புயல் வந்தது. 2003-க்குப் பிறகு முதல் தடவை. அமெரிக்காவில் சோளம் விதைக்கும் நேரம். ஜிபிஎஸ் பிடித்து நேர்கோட்டில் ஓடும் டிராக்டர்கள் தடுமாறின. அந்த விவசாயிக்கு ஜி5 என்று சொல்லி என்ன பயன்? "எத்தனை மணிக்கு ஜிபிஎஸ் சரியாகும்?" அவருக்கு அதுதான் வேண்டும்.

[திரையில்: ஆதித்யா-எல்1]

நம் ஆதித்யா-எல்1 விண்கலம் 2024 ஜனவரியில் இருந்து, பூமிக்கு 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். அந்தத் தரவு யார் கைக்கு, எந்த வடிவத்தில் போக வேண்டும்? நீங்கள் விமானியா, ஜிபிஎஸ் வைத்து நிலம் அளப்பவரா, ஹாம் ரேடியோ வைத்திருப்பவரா? புயல் வரும்போது உங்களுக்கு எந்த ஒரு எண் தெரிந்தால் போதும் என்று கமெண்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.