ஔவையார் பார்த்த ஆயுதக் கொட்டில்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வஞ்சப்புகழ்ச்சி என்றதும் பள்ளிக்கூட இலக்கணம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். புகழ்வதுபோலப் பழிப்பது, பழிப்பதுபோலப் புகழ்வது. தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு பாட்டுக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய, பாட்டுக்குள்ளேயே போக வேண்டும். புறநானூற்றின் 95ஆம் பாட்டுக்குப் போவோம்.

தகடூர்த் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக, காஞ்சி அரசன் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இந்தச் செய்தி பாட்டில் இல்லை. பாட்டோடு வழிவழியாக வரும் பழைய குறிப்பில்தான் இருக்கிறது. பாட்டில் இரண்டு பேர் பெயரும் கிடையாது. அந்தக் குறிப்பை விட்டுவிட்டுப் படித்தால், இது ஏதோ ஆயுதங்களைப் பற்றிய வருணனை என்றே தோன்றும். யார், யாரிடம், எங்கே நின்று பேசுகிறார் என்பது தெரிந்த பிறகுதான் உள்ளே இருப்பது கேட்கிறது.

"இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டி" என்று தொடங்குகிறார். இங்கே இருப்பவை மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அப்புறம் ஒரே சொல்லில் திரும்புகிறார்: "அவ்வே". அங்கே, அதியமானிடம் இருப்பவையோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன.

இதில் எந்த வரியைத் தொண்டைமான் மறுக்க முடியும்? பீலியும் நெய்யும் அவன் கண்முன்னே இருப்பவை. அதியமானின் வேல் பழுதாகிக் கிடக்கிறது என்று ஔவையே ஒப்புக்கொள்கிறார். மாற்றான் வீட்டில் நிற்கும் தூதர் வசைச்சொல் ஒன்றுகூடப் பேசவில்லை. இவை போரையே பார்த்ததில்லை என்று அவர் சொல்லவுமில்லை. அந்த முடிவுக்குத் தொண்டைமானே வந்தாக வேண்டும்.

திருவள்ளுவர் வழி வேறு. "தேவர் அனையர் கயவர்" என்று தூக்கிவைத்து, "மேவன செய்தொழுக லான்" என்று காரணத்தையும் அவரே சொல்லிவிடுகிறார். மனம்போனபடி நடப்பதில் இருவரும் ஒன்றாம். அதுவும் அழகுதான். எனக்கு ஔவையின் மௌனமே பெரிதாகப் படுகிறது.

பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் பாட்டின் உயிர் இனிமேல்தான் வருகிறது. "உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்" என்கிறார். சோறு இருந்தால் கொடுப்பவன். குறைந்துபோனால் இருப்பதை எல்லோரோடும் சேர்ந்து உண்பவன். ஏழைச் சுற்றத்தின் தலைவன் எங்கள் கோமான். இந்த வரிகளில் வஞ்சம் ஏதும் இல்லை, நேரான அன்பு மட்டும்தான். குத்தலைத் தேடிப் படிக்கிறவர்கள், புலவர் குத்தலை நிறுத்தும் இடத்தையும் கவனிக்க வேண்டும். படைக்கலத்தைப் பற்றிய பேச்சு இங்கே சோற்றைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. ஆயுதம் குவித்து வைத்திருக்கும் ஓர் அரசனிடம், அவனோடு பந்தியில் உட்காரும் மக்கள் உண்டா என்று கேட்பதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

கடைசிச் சொற்கள், "வைந்நுதி வேலே". நுனி சிதைந்தது என்று முன்பு சொன்ன அதே வேலைத்தான், கூரிய நுனியுடைய வேல் என்று சொல்லி முடிக்கிறார்.

நன்றி, வணக்கம்.